மூன்றாவதும் பெண்

காஜா பேராங், மலாக்கா
22.9.1957

பேரன் தியாகுவுக்கு அம்மாச்சி சாரதாம்பாள் எழுதுவது.

அன்றைக்கு அந்தச் செமாபோக் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: உன் அப்பன் கலியாணசுந்தரம், ரயில்வே உடுப்பைக்கூடக் கழற்றாமல். அவனைப் பெற்ற மீனாம்பாள், கட்டிலில் சம்மணம் போட்டு. அவன் அக்காள் புருஷன் அப்பாசாமி, வெற்றிலைத் தட்டோடு. கோயில் கமிட்டி சேதுபதி, நியாயம் சொல்ல அழைத்து வந்த ஆள், கடைசி வரைக்கும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை, யாரும் கூப்பிடாமல் வந்தவன். ஜவுளி மூட்டையோடு வந்து நடுவில் மாட்டிக்கொண்ட இப்ராஹீம் பாய். நான். சுவரோரம் உன் அம்மா. ஆறு வயசு ஜெயா. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று வயசு கோகிலா. உன் அம்மா வயிற்றில் நீ, இரண்டு மாசம். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முப்பத்தாறாம் வருஷம், சித்திரை மாசம், வியாழக்கிழமை. "பொட்டையாப் பெத்துப் போடுற வயிறு எங்க குடும்பத்துக்கு வேணாம், கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் மீனாம்பாள். உன் அப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்ராஹீம் பாய் மட்டும், "இது பாவம்மா" என்றார். "துணி விக்க வந்தவன் துணிய வித்துட்டுப் போ" என்றான் அப்பாசாமி. அன்றிலிருந்து இப்ராஹீம் பாய் கடையைத் தவிர வேறு கடையில் நான் ஒரு முழம் துணி எடுத்ததில்லை.

உன் அம்மாவைத் துரத்திய அன்று யார் யார் இருந்தார்கள் என்று கப்பல் ஏறும்போது சிங்கப்பூரில் கேட்டாய். கூட்டத்தில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகக் கேட்காததை அன்றைக்கு எதற்குக் கேட்டாய், அதை நீ எழுது.

நீ போன பிறகு மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரமாயிற்று. கோகிலா பள்ளிப் பிள்ளைகளைக் கொடியோடு கூட்டிப் போனாள். எனக்கு முழங்கால் வலி, மில் வாசலில் நின்று பார்த்தேன். செங் ஊரில் ஜெயாவும் பிள்ளைகளும் சுகம். மிளகாய் அரைக்கிற கல்லை மாற்றியாகிவிட்டது. கோதுமையை அழிக்கிற பூச்சியைப் படிக்கத்தான் நீ அமெரிக்கா போனாய் என்று கோகிலா சொல்கிறாள். நம் மில்லில் மாவில் வண்டு விழுந்தால் வெயிலில் கொட்டிச் சலித்துவிடுவேன். இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

குளிருக்குக் காதை மூடிக்கொள். மாரியம்மன் உன்னைப் பார்த்துக்கொள்வாள்.

அம்மாச்சி


கான்சாஸ்
14.10.1957

அன்புள்ள அம்மாச்சிக்குத் தியாகுவின் வணக்கம்.

உங்கள் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். சோறு கிடைக்காதது ஒன்றுதான் குறை.

என் பூச்சி மாவில் விழுகிற வண்டு இல்லை. அது ஓர் ஈ, கொசுவைவிடச் சிறியது. இரண்டு மூன்று நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் சாப்பிடக்கூடச் செய்யாது, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வரும் புழு கோதுமைத் தண்டோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். கதிர் வருமுன்னே பயிர் மடிந்து விழும். சில ரகக் கோதுமையில் வாய் வைத்தால் புழுதான் சாகும். ஆனால் சில ஈக்களின் பிள்ளைகள் அந்த ரகத்திலும் சாவதில்லை. அந்தச் சாகாத குணம் ஈயின் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

எப்படி என்று கேட்பீர்கள். செமாபோக் பஸ்ஸில் இரண்டு பேர் தினமும் ஒரே நிறுத்தத்தில் சேர்ந்தே இறங்கினால் அவர்கள் வீடு பக்கத்துப் பக்கத்தில் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல இரண்டு குணங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே இறங்கினால் அவை பக்கத்தில் இருக்கின்றன என்று வரைபடத்தில் குறிப்போம். அதற்காக ஒரு தொட்டிக்கு ஒரு தாய் ஈ விட்டு, வலை கட்டி, பிறப்பதையெல்லாம் எண்ணுகிறேன்.

ஒரு வேடிக்கை. ஒரு தாய் ஈக்குப் பிறப்பதெல்லாம் பெண்ணாகவே இருக்கும், இல்லையென்றால் எல்லாம் ஆணாகவே இருக்கும். பெரும்பாலும் கலப்பதே இல்லை. அதைத் தீர்மானிப்பதும் தாய்தான். எந்த ஆணோடு சேர்த்தாலும் மாறாது.

ஜெயா அக்காவுக்கும் கோகிலா அக்காவுக்கும் என் அன்பு.

தியாகு


காஜா பேராங்
6.11.1957

தியாகுவுக்கு அம்மாச்சி.

தீபாவளி போயிற்று. உன் பேரைச் சொல்லி ஒரு தட்டுப் பலகாரம் இப்ராஹீம் பாய் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். தைலம் வந்தது, நாற்றம் தாங்கவில்லை, வலி கொஞ்சம் தேவலை.

உன் கடிதத்தை நானேதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோகிலா படித்தால் வேகமாக ஓடிவிடும், எனக்குக் கோபம் வருமுன்னே முடிந்துபோகும். வேடிக்கை என்று எழுதியிருக்கிறாயே, அதில் நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. தாய்தான் தீர்மானிக்கிறாளா? அப்படியென்றால் மீனாம்பாள் சொன்னது சரி, என் மகள் வயிறுதான் தப்பு, அப்படித்தானே? இதைப் படிக்கவா உன்னைக் கடல் தாண்டி அனுப்பினேன்? பூச்சிக்கு அப்படி என்றால் மனுசருக்கும் அப்படியா? சுற்றி வளைக்காமல் எழுது.

இந்த நாட்டுப் பிரஜையாகப் பதியப் போனோம். கோகிலாவின் தாளில் தகப்பன் பெயர் என்று ஒரு கோடு. "விட்டுட்டுப் போ" என்றேன். "விட முடியாது அம்மாச்சி, வாங்க மாட்டாங்க" என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெயரை அவள் எழுத்தில் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்தேன் என்று நினைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மாச்சி


கான்சாஸ்
8.12.1957

அன்புள்ள அம்மாச்சிக்கு,

நலம். உங்கள் நலம் வேண்டுகிறேன். இங்கே பனி விழுந்து வாசல் தெரியவில்லை. ஈக்கள் மட்டும் கண்ணாடி வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கின்றன.

அவசரப்பட்டு எழுதியது என் தப்பு. மனிதருக்கு அப்படி இல்லை. நேர் எதிர். பெண்ணிடம் இருப்பது ஒரே வகை வித்து. ஆணிடம்தான் இரண்டு வகை இருக்கிறது. அவனிடமிருந்து எது போய்ச் சேருகிறதோ அதன்படி ஆணோ பெண்ணோ பிறக்கும். இது பல வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்பா மேலும் இல்லை, அது யார் கையிலும் இல்லாத விஷயம்.

இந்த ஈயிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. ஆண் ஈக்கு எல்லா உயிரையும்போல அப்பன் கொடுத்தது பாதி, தாய் கொடுத்தது பாதி. ஆனால் அது தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அப்பன் கொடுத்த பாதியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தாய் கொடுத்ததை மட்டும் கொடுக்கிறது. அதனால் என் கணக்குகள் எல்லாம் மற்றவர்கள் கணக்கைவிடக் கடினம்.

பொங்கலுக்கு இங்கே பானை கிடையாது. சட்டியில் வைத்துக்கொள்கிறேன்.

தியாகு


காஜா பேராங்
19.1.1958

என் ராசா தியாகுவுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கோகிலாவை உட்கார வைத்து மூன்று தடவை படிக்கச் சொன்னேன். ஆண்பிள்ளைதான், ஆண்பிள்ளைதான்! இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டார் நாக்கில் கிடந்த பழி, ஒரு தாளில் போயிற்று. செங்குக்கு ஆள் அனுப்பி ஜெயாவை வரவழைத்து அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கும் இரண்டும் பெண்தானே, அவள் மாமியார் காதிலும் போய் விழட்டும்.

அந்த ஈயைப் பார்த்தால் என் கும்பிடு என்று சொல். அப்பன் கொடுத்ததைத் தள்ளிவிட்டுத் தாய் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொள்கிறதாமே. நீயும் அப்படி இரு. நான் கேட்பது அது ஒன்றுதான். படிப்பு முடிந்ததும் நேராக இங்கே வா. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இடையில் எங்கேயும் கால் வைக்காதே.

மீனாம்பாள் இன்னும் சாகவில்லை. அப்பாசாமி வீட்டில்தான் கிடக்கிறாள். தைப்பூசம் கழிந்ததும் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு செமாபோக் போகப் போகிறேன். "வேணாம் அம்மாச்சி, கிழவி கண்ணுகூடத் தெரியாம கெடக்குது" என்கிறாள் கோகிலா. காது கேட்கும் அல்லவா?

அம்மாச்சி


காஜா பேராங்
11.2.1958

தியாகுவுக்கு.

சுகம் கேட்க இன்றைக்கு மனசு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செமாபோக் போனேன். மீனாம்பாள் சாய்வு நாற்காலியில் கிடந்தாள். "யாரு?" என்றாள். "சாரதா" என்றேன். "எந்தச் சாரதா?" "நீ துரத்திவிட்ட மருமவளைப் பெத்தவ." "ஓ, மில்லுக்காரியா! உக்காரு. இந்தக் காலை வச்சுக்கிட்டு பஸ்ஸுலயா வந்தே?" என்றாள், நேற்றுப் பேசிப் பிரிந்தவள்போல.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே நீ எழுதியதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். அப்பாசாமி கதவோரம் நின்று கேட்டான். நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். முடித்தேன். மீனாம்பாள் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள்.

"நல்லா எழுதியிருக்கான். என் மவன் வழிப் பேரன்ல? ஆனா உனக்கு மட்டும்னு நெனைச்சியா? தைப்பிங்குல இருக்குற அவனுக்கும்தான் மாசம் ஒண்ணு வருது" என்றாள்.

"பொய்" என்றேன். அப்பாசாமி உள்ளே போய் ஓர் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். உன் கையெழுத்து. எனக்குப் போடுகிற அதே அமெரிக்கத் தபால்தலை. உன் அப்பன் தாய்க்குக் காட்ட அனுப்பி வைத்தானாம்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அதை நான் இந்தத் தாளில் எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து உன் டிசம்பர்க் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்பா என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷமும் உன் வாயில் 'அந்த ஆள்' என்றுதான் வரும். சந்தோஷத்தில் என் கண்ணில் படாமல் போயிற்று.

எத்தனை கடிதம்? எப்போதிருந்து? எழுது.

சாரதாம்பாள்


காஜா பேராங்
20.5.1958

தியாகுவுக்கு.

மூன்று மாசம் ஆயிற்று. தபால்காரன் நம் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகிறான். எழுத இஷ்டம் இல்லையென்றால் இஷ்டம் இல்லை என்று எழுது. செத்தேனா இருக்கிறேனா என்று நீ கேட்கவில்லை. இருக்கிறேன்.

சாரதாம்பாள்


கான்சாஸ்
15.6.1958

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கோகிலா அக்காவிடம் மாதாமாதம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவளைக் கோபிக்காதீர்கள். உங்களுக்கு எழுத உட்கார்ந்து ஒன்பது முறை கிழித்துப் போட்டேன். அதனால்தான் தாமதம்.

அவரிடமிருந்து ஏழு கடிதங்கள், என்னிடமிருந்தும் ஏழு. முதல் கடிதம் நான் சிங்கப்பூரில் இருக்கும்போதே வந்தது. எனக்கு உதவிச் சம்பளம் கிடைத்த செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் போட்டார்கள் அல்லவா? 'மலாக்கா காஜா பேராங் கலியாணசுந்தரம் மகன் தியாகு' என்று. தைப்பிங்கில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து அதைப் படித்தாராம். அன்றைக்குத்தான் தனக்கு ஒரு மகன் இருப்பதே தெரிந்தது என்று எழுதினார். இரண்டாவது சம்சாரமும் இறந்துவிட்டார்கள். அந்த வழியில் பிள்ளை இல்லை. நெஞ்சு வலிக்கு மருந்து சாப்பிடுகிறார்.

நான் முதலில் நம்பவில்லை. அம்மாவை அனுப்பிய அன்று யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள், பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டேன். உங்களிடமும் அதையே கேட்டேன். இரண்டு பட்டியலும் வந்தன. ஓர் ஆள் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இப்ராஹீம் பாயின் ஜவுளி மூட்டையைக்கூட அவர் எழுதியிருந்தார். தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தார். உங்கள் ஞாபகத்தில் ஒரு நாளும் பிழை இருந்ததில்லை, அம்மாச்சி. அதோடு ஒத்துப்போனதால்தான், அவர் அடுத்துச் சொன்னதையும் நான் நம்ப வேண்டியதாயிற்று.

நான் பிறந்து நாற்பதாம் நாள் அவர் மில் வாசலுக்கு வந்தாராம். என்ன குழந்தை என்று கேட்டாராம். மூன்றாவதும் பெண்தான் என்று நீங்கள் சொன்னீர்களாம்.

அப்பா பட்டாளத்தில் செத்தார், பம்பாயில் செத்தார் என்று மற்றப் பிள்ளைகள் வீட்டில் கதை சொல்வார்கள். நீங்கள் அப்படி ஒரு பொய்யும் சொல்லாமல் என்னை வளர்த்தீர்கள். உன் அப்பன் உயிரோடு இருக்கிறான், உன்னை வேண்டாம் என்றான் என்றே சொன்னீர்கள். அதனால் கேட்கிறேன். அப்படிச் சொன்னீர்களா?

தியாகு


காஜா பேராங்
3.7.1958

தியாகுவுக்கு அம்மாச்சி எழுதுவது.

சொன்னேன்.

மார்கழி மாசம், ஞாயிற்றுக்கிழமை காலை. சைக்கிளில் வந்தான். பின்னால் ஒரு பிஸ்கட் டின் கட்டியிருந்தான். மில் ஓடவில்லை. நான் வாசலில் முறம் வைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா பின்கட்டில் உனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எப்படி இருக்கா?" என்று கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "என்ன புள்ள?" என்றான். அது வாயில் வந்த முதல் பேச்சு.

எனக்கு அந்தக் கூடம் கண்ணில் நின்றது. கட்டிலில் மீனாம்பாள், வெற்றிலைத் தட்டு, தரையைப் பார்த்த இவன் தலை. "மூணாவதும் பொண்ணுதான்" என்றேன். பெண்ணென்றாலும் தன் பிள்ளைதானே என்று ஓர் அடி உள்ளே வைத்திருந்தால், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உன்னைத் துணி விலக்கிக் காட்டியிருப்பேன். இது சத்தியம். ஓர் அடி, தியாகு. சைக்கிளைத் திருப்பினான். வாசல் சாக்கடை லோங்கான் மேல் போட்ட பலகையைத் தாண்டி ஏறி மிதித்தான். பிஸ்கட் டின்னைக்கூட அவிழ்க்காமல் கொண்டுபோனான். ஜெயாவும் கோகிலாவும் வாசலில் நின்று அந்த டின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை உனக்கு எழுதினானா?

உன்னை வேண்டாம் என்றான் என்று நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? பெண்ணை வேண்டாம் என்றவன், உன்னையும்தான் வேண்டாம் என்றான். நீ என்ன பிள்ளை என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மீனாம்பாள் சொன்ன இன்னொன்றையும் இப்போது எழுதிவிடுகிறேன். "ஆம்பளப் புள்ளைன்னு எனக்கு ஒரு மாசத்துலயே தெரியும். ஊரே சொல்லுச்சு. என் தம்பி மவளை அவனுக்குப் பேசி முடிச்சிருந்த நேரம், நான் எதுக்குச் சொல்றேன்? தைப்பிங்குக்கு மாத்தல் வாங்கிக்கச் சொல்லி அனுப்பிட்டேன். நீ சொன்னே, நான் காப்பாத்துனேன். ரெண்டு பேரும் சேந்துதான் ஏமாத்துனோம், சம்பந்தி" என்றாள். சம்பந்தி என்று அவள் என்னைக் கூப்பிட்டது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வரும்போது என் உடம்பெல்லாம் நாறுவதுபோல் இருந்தது.

ஏழு கடிதம் உனக்கு எழுதினானே, இந்த ஊரில் அவனுக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வரி அவர்களுக்கு எழுதினானா? அவர்கள் பெயரைக் கேட்டுப் பார். எது மூத்தது என்று கேட்டுப் பார். அதற்குப் பிறகு, எந்தத் துறைமுகத்தில் இறங்கப் போகிறாய் என்று எனக்கு எழுது. பினாங்கில் இறங்கினால் தைப்பிங் பக்கம். சிங்கப்பூரில் இறங்கினால் நான் வந்து நிற்பேன்.

மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

சாரதாம்பாள்


கான்சாஸ்
12.10.1958

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்கள் முழங்காலுக்குப் புதுத் தைலம் கோகிலா அக்கா பேரில் வருகிறது.

நீங்கள் சொன்னபடி அவரிடம் கேட்டேன். "பெரியவள் கோகிலாதானே?" என்று பதில் வந்தது. உங்களிடம் மறைக்கவில்லை. அதைப் படித்துவிட்டு ஒரு மாதம் அவருக்கு நான் எழுதவில்லை. பிறகு, நீங்கள் எனக்கு இனி எழுதுவதாக இருந்தால் முதலில் அக்காக்களுக்கு எழுதுங்கள், பிஸ்கட் டின்னைப் பற்றியும் எழுதுங்கள் என்று எழுதினேன். எழுதினாரா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை இருபத்தோராயிரம் ஈக்களை எண்ணிவிட்டேன். சாகாத குணம் எந்தக் குணத்தின் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தாயிற்று. பேராசிரியர் கை கொடுத்தார். எனக்கு உங்களிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது.

ஆனால் நான் அந்த ஈ இல்லை, அம்மாச்சி. பாதியைத் தள்ள எனக்குத் தெரியவில்லை. அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வாசலோடு திரும்பியது போல நானும் ஒருவர் வாசலோடு திரும்ப வேண்டாம் என்று பார்க்கிறேன். ஜனவரி ஒன்பதாம் தேதி பினாங்கில் இறங்குகிறேன். தைப்பிங்கில் சில நாள் இருந்துவிட்டு உங்களிடம் வருவேன். வாசலைத் திறப்பீர்களா?

தியாகு


காஜா பேராங்
30.11.1958

தியாகுவுக்கு அம்மாச்சி எழுதுவது.

எல்லோரும் சுகம். நானும் சுகம். மழை விடாமல் பெய்கிறது, மிளகாய் காயவில்லை.

கோகிலாவுக்குக் கடிதம் வந்தது. ஜெயாவுக்கும் வந்ததாம். "எழுதிட்டானா, என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டேன். "உங்களுக்கு வேணாம் அம்மாச்சி" என்றாள். இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்தாள். ஜனவரி ஒன்பதாம் தேதி அவளும் பினாங்குக்கு வருகிறாளாம். பிஸ்கட்டை வெறித்துப் பார்த்து நின்ற பிள்ளை அது. போகட்டும். ரயிலுக்குக் கட்டுச்சோறு நான்தான் கட்டிக்கொடுக்கப் போகிறேன்.

வாசலைத் திறப்பேனா என்று கேட்டாய். திறந்துதான் இருக்கிறது. அவனையும் கூட்டிக்கொண்டு வந்தால் முன்கூடத்தில் பாய் போடுகிறேன், தண்ணீர் கொடுக்கிறேன். பேச மாட்டேன். அதற்கு மேல் என்னால் ஆகாது. மீனாம்பாளை எப்போதோ விட்டுவிட்டேன். அவள் செய்ததைத்தான் நானும் செய்தேன், அவளைத் திட்ட எனக்கு இனி வாயில்லை. அப்பாசாமி, சேதுபதி, பொன்னுதுரை எல்லோரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கிழங்கள். போகட்டும். நீ எனக்குத் தெரியாமல் எழுதியதையும் விட்டுவிட்டேன். வயிற்றுக்குள் இருந்தவன் மேல் என்ன கோபம்?

ஆனால் நீ அவனை மன்னிக்க எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். அதை உன் அப்பன் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோகிலாவுக்கும் தெரியாது. உன்னோடு போகட்டும்.

ஜப்பான்காரன் காலம். உனக்கு ஆறு வயசு. மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. உன் அம்மா மில்லுக்குப் பின்னால் இருந்த அறையில் ஒன்பது நாள் கிடந்தாள். நான் அவள் கால்மாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. என் தாலிக்கொடியைக் கொடுத்து ஒரு புட்டி மருந்து வாங்கி ஊற்றினேன். அவள் வாசல் சம்பவத்தைப் பின்கட்டிலிருந்து கேட்டவள்தான். நான் "பொண்ணு" என்றது, அவன் சைக்கிளைத் திருப்பியது, எல்லாம் அவள் காதில் விழுந்தது. ஈரக்கையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு கதவு வரை வந்தவள், அப்படியே நின்றாள். ஒரு சத்தம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தாள். ஆக்கினாள், அரைத்தாள், பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்தாள். "அம்மா, அவருக்குச் சொல்லி அனுப்பு. பையன்னு சொல்லு" என்றாள். சரி என்றேன். "மன்னிச்சிட்டேன்னும் சொல்லு" என்றாள். அதற்கும் சரி என்றேன். இன்னும் ஏதோ வரும் என்று வாய் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. நானே கேட்டேன். "என்னைய?" என்றேன்.

என்னைப் பார்த்தாள். தெளிவாகத்தான் பார்த்தாள், ஜன்னியில் இல்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

நான் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என் மனசில் இருக்கிற பட்டியலை உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன், அதில் எல்லோரும் செமாபோக் வீட்டுக்காரர்கள், அல்லது அங்கே வந்து நின்றவர்கள். அவர்களையெல்லாம் மன்னித்தாலும் மன்னிப்பேன். துரத்தியவனை மன்னித்துவிட்டு, தூக்கி வந்தவளை மன்னிக்காமல் போனவள் ஒருத்தி. அவள் என் வயிற்றில் பிறந்தவள். அவளை நான் மன்னிக்க மாட்டேன். நான் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அவளுக்கு,

சந்திரமதி.